படலையில் நின்று ஆளை அளந்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எடுத்த ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் தங்க எழுத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட மனிதர் அவர். கலியாணப் பெண்ணின் சேலைக் கரையில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்தில், செத்தவரின் காலடியில் என்று எங்கும் அந்தப் பெயர் மினுங்கும். திருகோணமலைப் பட்டினத்தில் அது இல்லாத வீடு குறைவு. இங்கேயாவது பெயரில்லாமல் இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு இதை எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மெலிந்து உயர்ந்த ஆள். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை, வியர்வைக்குக் கழுத்துப் பட்டிக்குள் செருகிய கைலேஞ்சி. உட்துறைமுக வீதியில் கடை வைத்திருந்தார். கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டு கமெராக்கள் இருக்கும். ஒன்று பெரியது, டிஎஸ்எல்ஆர் வகை, அப்போதே பழசு. பிடிக்கும் இடத்தில் கறுப்பு உரிந்து வெளிறியிருக்கும். மற்றது சட்டைப்பைக்குள் போகிற சின்னக் கமெரா, வெள்ளி நிறம். கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று பெரியதை மட்டும் அரிசி போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடுவார். சின்னது அலுமாரித் தட்டில் சும்மா கிடக்கும்.

ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார், இயந்திரத்தை நிறுத்தமாட்டார். அப்படியே இருந்தபடி உள்ளே பார்ப்பார். மதிலா கம்பி வேலியா, கதிரைகள் வாடகைக்கு எடுத்தவையா அயலில் இரவல் வாங்கியவையா, வாசலில் கழற்றியிருக்கிற செருப்புகள் எப்படி, எல்லாம் ஒரு பார்வைதான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி, "இஞ்சைக்குச் சின்னது காணும்" என்பார். போதும் என்று அர்த்தம். அல்லது ஒன்றும் சொல்லாமல் பெரியதை எடுத்துக் கழுத்தில் மாட்டுவார். அந்தப் படலையில் என்ன முடிவோ அதுதான் அந்த வீட்டின் படம்.

அவருக்குக் கெட்டித்தனம் இல்லை என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஊர் சிரிக்கும். பெரிய கமெராவைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். அழுத்துவதற்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு "ம்" என்பார். எதிரில் நிற்பவரும் தன்னையறியாமல் மூச்சைப் பிடிப்பார், அந்தக் கணத்தில் முகம் அழகாகிவிடும். மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் தொட்டு நேராக்குவார். கிழவிகளின் சேலைத் தலைப்பைப் பவ்வியமாக இழுத்துவிடுவார். சின்னக் கமெராவை எடுத்த வீடுகளில் ஒருவரையும் தொடமாட்டார். நின்ற இடத்தில் நின்று கிளிக், கிளிக், முடிந்தது.

ஒருமுறை தேவாலயத்தில் முதல் நன்மைக்குப் பிள்ளைகள் வெள்ளையுடுப்போடு வரிசையாக நின்றார்கள். ஒரே வரிசைக்குள் சில பிள்ளைகளைப் பெரியதாலும் சில பிள்ளைகளைச் சின்னதாலும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு தாய் பொறுக்காமல் கேட்டுவிட்டா.

"ஏன் என்ர பிள்ளைக்கு மட்டும் உந்தச் சின்னனால எடுக்கிறீங்கள்?"

"ஆண்டவர் ஒராள்தானே அம்மா. ரெண்டுக்குள்ளயும் அவர் வருவார்," என்றாராம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தத் தாயும் சிரித்தாவாம். இந்தக் கதையை ஊரில் அவருடைய சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். யாராவது அதைத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன்.

எங்கள் வீடு சல்லி என்ற கடலோரக் கிராமத்தில். அப்பா கரைவலை இழுத்தவர். மணல் ஒழுங்கையின் கடைசி வீடு, வேலியில் எப்போதும் யாருடையதோ வலை காயும். அப்பா செத்தபோது தம்பி கட்டாரில் இருந்தான். வேலைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, விடமாட்டார்கள். கொள்ளி வைக்கவேண்டியவன் அவன். போனில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அக்கா, எல்லாத்தையும் படம் எடுக்கச் சொல்லு. சுடலைவரைக்கும். விடாமல் எடுக்கச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுப் படம் என்பது வெளிநாட்டில் இருந்து வரமுடியாதவர்களுக்காக எடுப்பது. பெண்களுக்கும் அதுதான் வழி. சவப்பெட்டி படலையைத் தாண்டியதும் நாங்கள் நின்றுவிட வேண்டும். சுடலையில் நடப்பதெல்லாம் ஆண்களோடு. அப்போது ஊரில் எல்லோரிடமும் பட்டன் போன்தான். அதனால் பட்டினத்தில் பெயர்போன ஆளையே கூப்பிடுவோம் என்று நான்தான் ஆள் அனுப்பினேன். அப்பாவுக்கு அந்த மரியாதையாவது செய்வோம் என்று நினைத்தேன்.

வந்தார். படலையில் நின்று பார்த்தார். வலையைப் பார்த்தார். "இஞ்சைக்குச் சின்னது காணும்" என்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம், இரண்டு முழத் தூரத்தில் நின்றேன்.

அந்தக் கமெரா அழுத்தினால் உடனே எடுக்காது, ஒரு மூச்சு விட்டுத்தான் எடுக்கும். அதற்குள் ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். வாய்க்கரிசி போடும் கை வந்திருக்கும், முகம் வந்திருக்காது. பெட்டி தூக்கும் நேரம் காற்று அடித்து மணல் பறந்தது. பாதி வெளியே நீண்ட லென்ஸ் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளடிக்குப் போய்ப் பையைத் திறந்து அதை உள்ளே வைத்தார். பைக்குள் பெரியது படுத்திருந்ததை என் கண்ணால் கண்டேன். அழுகையை விட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணை, அது இருக்குதானே? அதால எடுங்கோ."

"அது பின்னேரம் ஒரு வீடு குடிபுகுதலுக்குப் பிள்ளை. மண் பட்டால் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது."

"சுடலையில எடுக்கவேணும் அண்ணை. தம்பி கேட்டவன்."

"எடுத்த மட்டும் காணும். கவலைப்படாதேங்கோ," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். பெட்டி ஒரு பக்கம் போனது, அவர் மறுபக்கம் போனார்.

அல்பம் வந்தது. கடைசிப் படத்தில் பெட்டியின் பின்பாதியும் யாரோ ஒருவரின் முழங்கையும் இருந்தன. அதன் மூலையிலும் தங்க எழுத்து. அதை வாங்கப் போனபோது, பின்னால் மேசையில் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி எழும்பி வந்து, "குறை நினைக்காதேங்கோ பிள்ளை" என்று மெதுவாகச் சொன்னா. அவர் தலை நிமிரவில்லை.

தம்பி வருடக்கணக்காகக் கேட்டான். "அதுக்குப் பிறகு என்ன நடந்தது அக்கா?" எனக்கு என்ன தெரியும்? சுடலைக்குப் போனவர்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொன்னார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான் என்பது மட்டும் எல்லோர் கதையிலும் ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு முறை தம்பி கேட்கும்போதும் எனக்கு அந்தப் பை திறந்து மூடியதுதான் கண்ணில் வரும்.

நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். கொஞ்சக் காலம் கழித்து ஒரு கமெரா வாங்கத் தீர்மானித்தேன். வேண்டுமென்றேதான் அவருடைய கடைக்குப் போனேன். புதியது ஒன்று வந்ததால் பழைய இரண்டையும் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். என்னை அவருக்குத் துளியும் அடையாளம் தெரியவில்லை. அதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் கொஞ்சமாவது கூசுவார் என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்குச் சின்னது நல்லம் பிள்ளை," என்று தொடங்கினார். "கைப்பைக்குள்ள போடலாம். ஒருத்தருக்கும் தெரியாமல் எடுக்கலாம். எல்லாத்தையும் அகலமாப் பிடிக்கும், ஒருத்தரும் விடுபடமாட்டினம். லென்ஸ் திருத்திப்போட்டன். பெரிசெண்டால் பாரம். பொம்பிளையளுக்குத் தோள் நோகும். பழசும்கூட. ஆனால் ஒண்டு, நீங்கள் அமத்தின அந்த நேரம் எடுக்கும். நீங்கள் எதைப் பார்க்கிறீங்களோ அது மட்டும்தான் வரும், ஒரு நூல் கூடாது, குறையாது. அதுக்குப் பழகவேணும். என்னத்துக்கு எடுக்கப்போறீங்கள்?"

"செத்தவீட்டுக்கு."

சிரித்துவிட்டார். "பொம்பிளை செத்தவீடு எடுக்கிறதோ? சுடலைக்கு ஆர் போறது?"

"பெரிசைத் தாங்கோ," என்றேன்.

கறுப்பு உரிந்த அந்த இடத்தில் என் விரல்கள் சரியாகப் பொருந்தின. அப்பாவின் செத்தவீட்டன்று பைக்குள் படுத்திருந்த அதே கமெரா. பின்னால் இருந்து அவருடைய மனைவி ஒரு தோள்பட்டியைக் கொண்டுவந்தா. உள்ளே துணி வைத்துத் தைத்திருந்தா. "இதையும் கொண்டுபோங்கோ பிள்ளை. இல்லாட்டிக் கழுத்தை வெட்டும்," என்றா.

பிறகு நடந்ததெல்லாம் பழிதான். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க நான் விரும்பவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கமெராக்காரர் போகமுடியாது. அவர் முற்றத்தில் மாப்பிள்ளையையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு நிற்பார். உள்ளே பெண்ணை மச்சாள்மார் போனில் மங்கலாக எடுப்பார்கள். நான் உள்ளே போனேன். வேலை முடிந்ததும் கமெராவில் இருந்து படங்கள் பதிவாகிற கார்ட்டைக் கழற்றிப் பெண்ணின் உம்மாவின் கையில் கொடுத்துவிடுவேன். பிறகு அவ தேர்ந்து தருகிறவற்றை மட்டும் அல்பமாக்குவேன். "கார்ட்டைக் கையில தந்துட்டுப் போற புள்ள இவதான்," என்று ஒரு உம்மா சொல்ல, அது வீட்டுக்கு வீடு போனது. பிறகு, பூப்படைந்த பிள்ளைகளின் சாமத்தியவீடுகள். பிள்ளைக்குத் தண்ணி வார்க்கும் இடத்தில் ஆண் நிற்பதை விரும்பாத தாய்மார் என்னைத் தேடினார்கள். ஹோட்டல் வேலையை விட்டேன்.

அவர் கடைவாசலில் நின்று சொல்வாராம், "கழுத்தில கமெராவைத் தொங்கப்போட்டால் படப்பிடிப்பாளரோ? பொம்பிளை எண்டபடியால் கூப்பிடுகினம்." கேட்டதும் எனக்கு இனித்தது. வேலை இல்லாத நாளிலும் கமெராவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் அந்த வீதியால் மெதுவாகப் போவேன். அவர் கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு நன்றாக இறங்கும்.

ஒருநாள் காலையில் அவரே போன் எடுத்தார்.

"பிள்ளை, மனிசி எங்களை விட்டிட்டுப் போட்டுது. நீங்கள்தான் வரவேணும். மகள் நோர்வேயில, நிறைமாசம். வர ஏலாது. நான் எடுக்க ஏலாதுதானே. கொள்ளி வைக்கிறதும் நான்தான்."

"வாறன் அண்ணை," என்றேன்.

உப்புவெளியில் அவருடைய வீடு. படலையடியில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். பையில் இரண்டு கமெராக்கள் இருந்தன. நெரிசலான அறைகளுக்கென்று நானும் ஒரு சின்னது வாங்கியிருந்தேன். இப்படி ஒரு நாள் வந்தால் சின்னதைத்தான் எடுப்பேன் என்று எத்தனையோ தடவை நினைத்து வைத்திருக்கிறேன். எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். கை பைக்குள் போனது. அப்போதுதான் யோசித்தேன். சின்னது எல்லாரையும் அகலமாகப் பிடிக்கும், மூலையில் நிற்பவரையும் இழுத்து உள்ளே போடும், அழுத்திய பிறகு யார் நகர்ந்து வருவார் என்று சொல்ல முடியாது. ஒருவரைப் படத்துக்கு வெளியே வைக்க அது உதவாது. பெரியதை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன்.

அவர் படலைக்கு வந்தார். கமெராவைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"நன்றி பிள்ளை. எதை எடுப்பீங்களோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

நான் தலையாட்டினேன்.

அன்று எடுத்ததைப் போல் நான் முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. தோள்பட்டி தந்த அவருடைய மனைவியின் முகத்தை அத்தனை வடிவாக எடுத்தேன். அவவோடு எனக்குக் கோபம் இல்லை. பூவைச் சரிசெய்தேன், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டேன். அவர் தலைமாட்டில் நின்றால் நான் கால்மாட்டுக்குப் போனேன். உறவுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்தால் அவர்களுடைய முகத்தை மட்டும் கிட்ட இழுத்து எடுத்தேன். வாய்க்கரிசி போட்டபோது அரிசி இருந்தது, அவர் இல்லை. அன்று வந்தவர்களின் போன்களில் அவர் எங்காவது இருப்பார், அது எனக்குத் தெரியும். அல்பத்தில் இருக்கக்கூடாது. மகள் மடியில் வைத்துப் பார்க்கப்போவது அல்பத்தைத்தான்.

பெட்டி படலையைத் தாண்டியபோது ஒரு முதியவர் கையை நீட்டி மறித்தார். "பிள்ளை, பொம்பிளையள் இதோட நிக்கவேணும்."

பெட்டியோடு போய்க்கொண்டிருந்த அவர் திரும்பினார். "அவ வரட்டும். மகள் பார்க்கவேணும்."

கமெராவை ஒருகணம் இறக்கினேன். அப்பாவின் நாளில் இந்த ஒரு சொல்லைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவை நினைத்ததும் கமெராவைப் பழையபடி தூக்கினேன். பின்னால் போனேன்.

சுடலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விறகு எப்படி அடுக்கியிருந்தது, குடத்தோடு மூன்று முறை எப்படிச் சுற்றினார்கள், கொள்ளி வைப்பவர் எப்படி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நெருப்பைப் பின்னால் நீட்டினார், எல்லாம் பார்த்தேன். படத்தில் கொள்ளிக்கட்டை இருக்கிறது, அதைப் பிடித்த கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் எடுத்தேன். அப்பாவுக்கு நடந்திருக்கக்கூடியதை ஒன்றும் விடாமல் சொன்னேன். "சரி அக்கா," என்றான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாள் கழித்து அவர் சல்லிக்கு வந்தார். எங்கள் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், இயந்திரத்தையும் நிறுத்தினார். தாடி மழிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"படங்களை மூண்டு தரம் பார்த்திட்டன் பிள்ளை. வடிவா எடுத்திருக்கிறீங்கள்."

நான் வேலியில் காய்ந்த வலையை இழுத்து நேராக்கினேன்.

"ஒண்டிலயும் நான் இல்லை."

"சனம் கூட அண்ணை. மறைஞ்சிருப்பீங்கள்."

"அந்தக் கமெராவை எனக்குத் தெரியும். பார்க்கிறதுதான் வரும்." கோபம் இல்லாமல்தான் சொன்னார். "ஒராளை விட்டுவிட்டு எடுக்கிறது லேசில்லை. அந்த ஆள் எங்க நிக்கிறார், எங்க திரும்பப்போறார் எண்டு பார்த்துக்கொண்டே இருக்கவேணும். அண்டைக்கு முழுக்க நீங்கள் என்னைத்தான் பார்த்திருக்கிறீங்கள். ஏன் பிள்ளை?"

அப்போது சொன்னேன். அப்பாவை, தம்பியை, மணலை, பைக்குள் இருந்த கமெராவை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வேலியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். உண்மையாகவே நினைவுபடுத்தப் பார்த்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"ஞாபகம் வரேல்லை பிள்ளை. எத்தினையோ வீடு."

இத்தனை வருடம் நான் சுமந்த பழி அவருடைய தலையில் ஒரு கல்லாகக்கூட விழவில்லை. அவரை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் போகாமல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள் ஒண்டு கேக்கிறாள். 'அப்பா, நீங்கள் அம்மாவுக்கு அழுதனீங்களோ' எண்டு. அவளுக்கு என்னில ஒரு மனக்குறை, நான் மனிசியைக் கவனிக்கேல்லை எண்டு. எனக்கு அண்டைக்கு நடந்தது ஒண்டும் சரியா நினைவில்லை. ஆக்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுகினம். நீங்கள் பார்த்தனீங்கள். நான் அழுதனானோ பிள்ளை?"

"நான் கவனிக்கேல்லை அண்ணை," என்றேன்.

பொய் என்று அவருக்குத் தெரியும். சற்றுமுன் அவரே அதை எனக்கு விளக்கியிருந்தார். ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. "சரி," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

அடுத்த வருடமே அவரும் போய்விட்டார். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். செத்தவீட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அவளிடம் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அழுதார். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அன்று சுடலையில் இரண்டு பேர் அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதையும் மீறி இரண்டு தரம் திரும்பினார். மூன்றாம் தரம் அவர்களை உதறிவிட்டு மண்ணில் குந்தி, வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதார். பின்னேர வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணீர் தாடைக்கு இறங்கியது லென்ஸுக்குள் துல்லியமாகத் தெரிந்தது. நடுவில் அவர் மட்டும்தான் இருந்தார். என் விரல் பொத்தானில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.